குடோனுக்குப் போய் வருபவர் யார்?

தி.நகர் பாத்திரக்கடையில் குக்கர் கேட்டால், கடைக்காரர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: “மூணு லிட்டர் ஒண்ணு!” சற்று நேரத்தில் குக்கர் இறங்கி வரும். குடோனில் எது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போய் எடுத்து வர ஓர் ஆள் இருந்தால் போதும்.

உங்கள் கைப்பேசியிலும் அப்படி ஓர் ஆள் உண்டு. பெயர் ‘ஃபியூஸ்’. மின்சார ஃபியூஸ் அல்ல. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள். 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், பொதுச் சேமிப்பிலுள்ள ஒரு படத்தை ஏதாவது ஆப் கேட்டால், அந்தக் கோரிக்கை ஃபியூஸ் வழியாக ஒரு காவல் நிரலுக்குப் போகிறது. ‘இந்த ஆப்புக்கு அனுமதி உண்டா?’ என்று பார்த்த பிறகே படம் வெளியே வரும். டார்ச் லைட் ஆப் உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோக்களைத் துழாவாமல் தடுப்பதில் இதற்கும் பங்குண்டு.

கணினியிலும் இதே கதைதான். தரமணியிலுள்ள சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்ந்து வந்தது நினைவிருக்கிறதா? விண்டோஸ் பக்கம் சேமித்த கோப்புகளை லினக்ஸில் திறக்க நெடுங்காலம் கைகொடுத்த என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்ற மென்பொருளும் ஃபியூஸை நம்பியே இயங்குவது.

மிக்லோஷ் செரெடி தொடங்கிய இந்த வேலை 2005-ல் லினக்ஸின் மையத்தில் சேர்ந்தது. மற்ற மென்பொருள்கள் அதனுடன் பேச உதவும் நிரல் நூலகம் ‘லிப்ஃபியூஸ்’. அதன் பராமரிப்பைப் பின்னர் நிகோலாஸ் ராத் ஏற்றார். 2016-ல் மூன்றாம் பதிப்பு வந்தது.

பராமரிப்பு என்றால் புதிதாகச் சேர்ப்பது மட்டுமல்ல, பழையது உடையாமல் பார்ப்பதும்தான். 2022-ல் உபுண்டு 22.04, லிப்ஃபியூஸின் பழைய இரண்டாம் பதிப்பைத் தானாக நிறுவாமல் வெளிவந்தது. ‘ஆப்இமேஜ்’ வகை மென்பொருள்கள் பல திறக்க மறுத்தன. அவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. மாடிக்குப் போய் வரும் ஆள்தான் மாறிவிட்டார்!

இத்தனை பேர் நம்பியிருந்தும், ஒரு கட்டத்தில் அந்தத் திட்டத்தின் அறிமுகப் பக்கத்திலேயே, தொடர்ந்து பங்களிக்க யாருமில்லை, பெரிய சிக்கல்களை மட்டுமே கவனிக்க முடியும் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. பிறகு பெர்ன்ட் ஷூபர்ட் பொறுப்பேற்றார்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ‘எக்ஸ்.இசட்’ என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளைக் கிட்டத்தட்ட ஒருவரே, ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். உதவ வந்து, ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த முகம் தெரியாத ஒருவர், அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் பிழைத்தோம்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு வந்தால் ‘புதுசா ஒரு ஆப் பண்ணு’ என்பதுதான் பேச்சு. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பழுது பார்ப்பதும் படிப்புதானே? ஒரு பிழைப் புகாரை எடுத்து, அது தங்கள் கணினியிலும் வருகிறதா என்று சோதித்து, என்ன நடந்தது என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பினாலே பராமரிப்பாளருக்குப் பாதி சுமை குறையும். சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கேட்டால் வழி சொல்லவும் ஆள் உண்டு.

உங்கள் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள்: “புதுசா என்ன செஞ்சே?” என்றல்ல, “எதைச் சரி பண்ணினே?” என்று.