உங்கள் அம்மா தலைக்கு மேல் ஒரு ரேடியேட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமாகவும் இருக்கும். என்னிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை வந்தால் எனக்கு ஒரே மாதிரி வாட்ஸ்அப் செய்தி வருகிறது. "சார், ஊர்ல அம்மா அப்பாவுக்கு ஒன்றரை டன் ஏசி மாட்டியாச்சு. இனிமே கவலையில்லை." லண்டனிலிருந்து வரும், டொராண்டோவிலிருந்து வரும், சென்னையிலிருந்தும் வரும். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் "கவலையில்லை" என்ற சொல்லை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

குளிர் தேசத்தில் இருப்பவர்களை முதலில் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருக்கிறது. அதன் முன்னால் சோபா போடக் கூடாது, திரைச்சீலை அதை மூடக் கூடாது, உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் சாவி போட்டு வெளியேற்ற வேண்டும், வெளிச்சுவரில் இருந்தால் பின்னால் பளபளப்பான தாள் ஒட்ட வேண்டும், ஆள் இல்லாத அறையில் வால்வைக் குறைக்க வேண்டும். எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பிரிட்டனில் கூரைக்கு அடியில் 27 சென்டிமீட்டர் கனத்துக்குப் பஞ்சு மெத்தை மாதிரி விரிக்கச் சொல்கிறார்கள், அதையும் செய்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் ஒரு துளி வெளியே போகக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

அதே ஆள், வல்லத்திலோ நாஞ்சிக்கோட்டை சாலையிலோ பெற்றோருக்கு வீடு கட்டும்போது அந்த அறிவை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார். வெப்பம் உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுக்கத் தெரிந்தவருக்கு, வெளியேயிருந்து உள்ளே வருவதைத் தடுக்கத் தெரியாதா?

நம் ஊர் வீட்டிலும் ரேடியேட்டர் இருக்கிறது. அதற்குப் பெயர் மொட்டை மாடி. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூடு மறுபக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் உச்சி வெயிலைவிட மாலையில் அறை அதிகம் புழுங்குகிறது. சூரியன் மறைந்த பிறகும் தளம் நடுநிசி வரை கீழே சூட்டைக் கொட்டுகிறது. உங்கள் ரேடியேட்டருக்காவது வால்வு உண்டு. இதை யாராலும் அணைக்க முடியாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாம் வாழும் வெப்பநிலையில், ஒரு பரப்பு இன்னொன்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் கதிர்வீச்சாக வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தளம் 11 சதுர மீட்டர். அது கீழே உள்ளவற்றைவிட 7 டிகிரி சூடு என்று வையுங்கள். 6 பெருக்கல் 7 பெருக்கல் 11. நானூற்று அறுபது வாட்டுக்கு மேல். இஸ்திரிப் பெட்டியை அரை அளவில் எரியவிட்டுத் தலைக்கு மேலே தொங்கவிட்ட மாதிரி. அதற்குக் கீழே எழுபது வயது அம்மா தூங்க வேண்டும். ஃபேன் சுற்றினால் தளத்தை ஒட்டிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது.

இப்போது ஏசிக்கு வருவோம். ஒரு டன் என்றால் என்ன என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறீர்களா? 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு. சுமார் மூன்றரை கிலோவாட். அவ்வளவு பெரிய யந்திரத்தை வாங்கி, அதன் உழைப்பில் ஒரு பகுதியை மாடி கொட்டும் சூட்டை அள்ளி வெளியே எறியவே செலவழிக்கிறீர்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறவனை நாம் என்ன சொல்வோம்?

அந்த ஏசியாவது ஓடுகிறதா? போய்ப் பாருங்கள். பல வீடுகளில் ரிமோட் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டிவி பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் லீவுக்கு வரும்போதுதான் அதற்கு வேலை. குறிப்பிட்ட அளவு யூனிட் வரைதான் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும் என்று உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பணம் நீங்கள் அனுப்பினாலும் மீட்டரைப் பார்ப்பவர் அவர். "பிள்ளை காசுதானே" என்று அவரால் இருக்க முடியாது. கரண்ட் போய்விட்டால் அந்த யந்திரம் சுவரில் மாட்டிய பெட்டி, அவ்வளவுதான்.

இதை வசதிப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். பகலெல்லாம் சூட்டில் வாடிய உடம்பு இரவில்தான் ஆற வேண்டும். இரவும் ஆறாவிட்டால் வயதானவர்களின் இதயமும் சிறுநீரகமும்தான் முதலில் அடிபடும். 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா இல்லை.

என்ன செய்யலாம்? எல்லாமே நம் ஊருக்குத் தெரிந்த வேலைதான்.

முதலாவது, மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைப் பெயின்ட்டோ. சாம்பல் நிறக் கான்கிரீட் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சும். புதுசாக அடித்த வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கரைந்தும் பாசி பிடித்தும் போகும். ஆகவே மாசி மாதம் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். தெலங்கானா அரசு 2023-ல் இந்தக் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நமக்குப் பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் வெள்ளை அடிக்கத் தெரியும். ஒரு வாளி கூட எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டியதுதான்.

இரண்டாவது, புதிதாகக் கட்டுகிறவர்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலந்து போட்டுத் தட்டோடு பதிப்பதை விட்டுவிடாதீர்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிய அந்த வேலையை "வேஸ்ட் செலவு" என்று இன்று பலர் வெட்டுகிறார்கள். முகப்பில் கண்ணாடிக்கு மட்டும் காசு இருக்கிறது.

மூன்றாவது, மேற்கு ஜன்னல். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே தொங்கும் திரையில் பட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. சன்ஷேட் வையுங்கள், மூங்கில் தட்டி கட்டுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து இரவில் திறங்கள், காலை எட்டு மணிக்கு மூடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஏசி போடுங்கள், நான் எதிரியில்லை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 26-ல் வைத்து ஃபேனையும் சுற்றவிட்டால் போதும். ஃபில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட்டுக்கு நிழலும் காற்றும் கொடுங்கள்.

"சார் ரேழி, முற்றம், ஓட்டு வீடு என்று பழைய கதை பேசுகிறார்" என்று சிலர் எழுதுவீர்கள். இல்லை அப்பா. ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் எத்தனை பாத்திரம் வைத்து ஒழுகல் பிடித்தோம் என்று எனக்குத் தெரியும். முற்றம் வைக்க எல்லோருக்கும் மனையும் இல்லை. கான்கிரீட்டிலேயே இருங்கள். அதை வெயிலில் நிர்வாணமாக விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு போன் செய்யுங்கள். தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறைத் தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சுடுகிறது என்றால், அடுத்த ஏசிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் மாடிக்கு ஆள் விடுங்கள். முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எழுதாதவர்கள் பெயரைக் குறித்துவைத்துக் கேட்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
தஞ்சாவூர்.