நட்சத்திரத்துக்கு விலாசம் உண்டா?

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எழுதியிருக்கிறார். சென்னை வானியலாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டுபிடித்த நட்சத்திரத்தைக் காட்டுவதாக, ஏழாவது படிக்கும் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். பெயர் தெரியும்: ஆர் ரெட்டிகுலி. "எந்தப் பக்கம் பார்க்கணும் சார்?"

இந்தப் பெயர் பாதி விலாசம்தான். 'ரெட்டிகுலி' என்றால் ரெட்டிகுலம் என்ற சின்ன விண்மீன் குழுவைச் சேர்ந்தது என்று பொருள். 'ஆர்' என்பது, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களுக்கு ஒவ்வொரு குழுவிலும் வைக்கும் முதல் எழுத்து. ஊரும் இனிஷியலும் கிடைத்தாயிற்று. தெருவும் கதவு எண்ணும் இல்லை.

அதற்கு ஒரு பொது முகவரிப் புத்தகம் இருக்கிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடத்தப்படும் 'சிம்பாத்' என்ற இணையத் தரவுத்தளம். இலவசம்; மொபைலிலேயே திறக்கும். ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஆர்-இ-டி என்று தட்டினால் இரண்டு எண்கள் வரும். முதலாவது வல ஏற்றம்: 4 மணி 33 நிமிடம். வானத்தின் தீர்க்கரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 360 பாகைக்குப் பதில் 24 மணியாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாவது நடுவரை விலக்கம்: மைனஸ் 63 பாகை. அதாவது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகை. (பழைய புத்தகத்து எண்களை அப்படியே எடுக்காதீர்கள். பூமியின் அச்சு பம்பரம்போல் மெதுவாகச் சுற்றுவதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்ந்துவிடும். இப்போது 2000-ஆம் ஆண்டுக் கணக்குதான் புழக்கத்தில்.)

இனி நம்ம ஊர்க் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் 13 பாகை வடக்கே. 13-ஐயும் 63-ஐயும் கூட்டி 90-இல் கழித்தால் 14. தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் இந்த நட்சத்திரம் ஏறவே ஏறாது. நீட்டிய கையின் முஷ்டி ஒன்று சுமார் 10 பாகை. ஆக, ஒன்றரை முஷ்டி உயரம். நுங்கம்பாக்கம் வானிலும் ஏறக்குறைய இதே உயரம்தான். அங்கிருந்த சென்னை வானாய்வகத்தில் 1867-இல் ரகுநாதாச்சாரி இதைப் பிடித்தார்.

இப்போது கசப்பான செய்தி. வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகும்போதுகூட கண் பார்வையின் எல்லைக்குச் சற்று வெளியேதான் நிற்கும். மங்கினால் நல்ல டெலஸ்கோப் வேண்டும். போதாக்குறைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே பார்த்தால் ஒரகடம். அப்பா வேலை பார்க்கும் இடத்து வெளிச்சம்தான் அந்த மூலையை வெளுக்க வைக்கிறது!

ஆனால் இடத்தைக் காட்டலாம். பிப்ரவரி முதல் வாரம், இரவு 8 மணி, தெற்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் இரண்டு முஷ்டி உயரத்தில் பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம். வலப்பக்கம் ஒரு முஷ்டி உயரத்தில் அகெர்னார். இரண்டையும் கோடு போட்டு இணைத்தால், நடுவில், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. "இங்கேதான் இருக்கு, பாப்பா" என்று தைரியமாக விரல் நீட்டலாம்.

அந்த வாரம் செகண்ட் ஷிப்ட் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் தெற்கே இருந்தால், தெருவுக்கு இறங்கிவிடுங்கள்.