கிட்டாருக்கு மெருகு போடட்டும், ஸ்ப்ரே கன் மட்டும் வீட்டுக்குள் வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாகப் படியுங்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரைப் பாகம் பாகமாக, வண்ணம் பூசாத வெறும் மரக்கட்டையாக வாங்கி, வீட்டிலேயே மெருகேற்றிப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளை இப்போது பார்க்கிறேன். "படிக்கிற வயசில் இது எதுக்கு சார்?" என்று கேட்கும் பெற்றோர்களையும் பார்க்கிறேன். நான் பிள்ளைகள் கட்சி. தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: கார் பெயிண்டும் ஸ்ப்ரே கன்னும் வீட்டுக்குள் வரக் கூடாது.

முதலில் ஏன் செய்யட்டும் என்கிறேன்? குவீன் இசைக்குழுவின் பிரையன் மே பள்ளி மாணவராக இருந்தபோது, 1963-இல், தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்துக்கு மரம் கிடைத்தது ஒரு பழைய கணப்பு அடுப்பின் சட்டத்திலிருந்து. 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேல் நின்று அவர் வாசித்ததும் அதே கிட்டார்தான். பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். கை வேலை படிப்பைக் கெடுக்கும் என்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

சரி, கார் பெயிண்ட் ஆசை எங்கிருந்து வருகிறது? அதற்கும் வரலாறு உண்டு. 1950-களிலும் 60-களிலும் ஃபெண்டர் நிறுவனம் கார்களுக்கு அடிக்கும் டுபான்ட் வண்ணங்களைத்தான் கிட்டாருக்கும் அடித்தது. புகழ்பெற்ற 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். அந்தப் பளபளப்பு வேண்டும் என்று பிள்ளை கேட்கிறான். நியாயமான ஆசைதான். ஆனால் ஃபெண்டருக்குத் தொழிற்சாலை இருந்தது. நமக்கு இருப்பது பத்துக்குப் பத்து அறையும் ஒரு பால்கனியும்.

இப்போது கார் பட்டறைகளில் அடிக்கும் 'டூ-கே' பெயிண்டில் இரண்டு டப்பா இருக்கும். இரண்டாவது டப்பாவான ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984-இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் வேறு, இது வேறு. அந்த அளவு கொடியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குடும்பம் ஒன்றுதான். ஸ்ப்ரே செய்யும்போது நுண்துளியாக நுரையீரலுக்குள் போகும். சிலருக்கு உடம்பு ஒருமுறை அதற்குப் பழகி ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். வாங்கிக் கட்டும் துணி மாஸ்க் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

"அப்படியென்றால் பழைய நைட்ரோ லாக்கர் அடிக்கிறேன்" என்பான். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் மாற்றிச் செய்வது அது. வெடிபஞ்சின் நெருங்கிய உறவு. அதன் தின்னர் ஆவி மூடிய அறையில் தேங்கி நின்றால் ஒரு சுவிட்ச் பொறி போதும். பக்கத்து அறையில் பாட்டியும் கைக்குழந்தையும் தூங்கும் வீட்டில் இது வேண்டாம்.

மாற்று நம் ஊர்ச் சரக்கிலேயே இருக்கிறது: அரக்கு. ஆசிரியர்களுக்கு இது பழைய நண்பன். உறைகளை ஒட்டி முத்திரை வைப்போமே, அந்த அரக்கின் சுத்தமான வடிவம்தான் ஷெல்லாக். உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடுகளில் நாம் முன்னணி. ராஞ்சியில் 1924-லேயே இதற்கென ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுவதும் இதைத்தான்.

செய்முறையும் எளிது. மரத்தை 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தூசுக்கு மாஸ்க் அவசியம். கழுத்து வந்து பொருந்தும் குழியை டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். பூச்சு ஏறினால் கழுத்து உட்காராது. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 20 கிராம் அரக்குச் செதில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். பருத்தித் துணிக்குள் பஞ்சு வைத்து, தொட்டுத் தொட்டு மெல்லியதாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு மணி நேரம். பத்துப் பன்னிரண்டு பூச்சு ஆனதும் ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும்.

இதிலும் கவனம் தேவை. மெத்தனால் கலந்த ஸ்பிரிட் வேண்டாம். அது என்ன செய்யும் என்று கள்ளச்சாராயச் செய்திகளில் படித்திருக்கிறோம். கையுறையும் திறந்த பால்கனியும் வேண்டும். அடுப்போ விளக்கோ அருகில் கூடாது. அரக்கு மாளிகை என்ன ஆனது என்று நமக்குத் தெரியாதா? ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் பூசினால் ஈரம் இறங்கி வெள்ளை பூத்துவிடும். வெயில் நாள் பார்த்துச் செய்யட்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காற்றோடு வினைபுரிந்து சூடேறி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991-இல் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிகளால் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

"அரக்கு உழைக்காது சார்" என்பார்கள். உண்மைதான். வியர்வையும் சூடும் அதற்கு ஆகாது. கை படும் இடம் ஓரிரு வருடத்தில் மங்கலாம். ஆனால் புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து ஒன்றாகிவிடும். அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். டூ-கே பூச்சு பெயர்ந்தால் அப்படி முடியாது.

"நைட்ரோ அடித்தால்தான் நாதம் வரும்" என்பது அடுத்த வாதம். எலக்ட்ரிக் கிட்டாரில் இரும்புக் கம்பி காந்தத்தின் முன் அதிர, செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடே பாடம்தான். கம்பி, பிக்கப், ஆம்ப், வாசிக்கும் விரல் ஆகியவற்றுக்குப் பிறகுதான் பூச்சின் பங்கைப் பேசவே வேண்டும்.

பெற்றோர்களே, தடை போடாதீர்கள். பால்கனியை ஒதுக்கிக் கொடுங்கள், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பிள்ளைக்கு டூ-கே பளபளப்புதான் வேண்டுமென்றால், முறையான ஸ்ப்ரே பூத் உள்ள பட்டறையில் காசு கொடுத்து அடித்துக்கொள்ளட்டும். கிட்டாரை எப்போது வேண்டுமானாலும் தேய்த்துவிட்டு மறுபடி பூசலாம், நுரையீரலை அப்படிச் செய்ய முடியாது.