மூன்று கைதிகள்

மனித உரிமை என்றாலே, "அது அரசியல், பங்கிற்கு எதற்கு?" என்று முகஞ்சுளிப்போர் நம் பங்குகளில் பலர். அவர்களே, குருவானவர் ஒருவர் எங்கேனும் கைதானால் கண்டனக் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பர். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? பீட்டர் பெனன்சனின் வாழ்வு நம்மை இவ்வாறே கேட்கிறது.

1921-இல் இலண்டனில் பிறந்த அவர் வழக்கறிஞர். 1958-இல் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். 1961 மே 28 அன்று 'அப்சர்வர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையே சர்வதேச மன்னிப்புச் சபைக்கு வித்தாயிற்று. (பெயர் நிலைத்துவிட்டது, ஆயினும் குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு?) அக்கட்டுரை ஆறு பேருக்காக வாதாடியது. பொதுவுடைமை ஆட்சிகளால் ஒடுக்கப்பட்ட ஹங்கேரியக் கர்தினால் மின்ட்சென்ட்டியும் பிராகு நகரப் பேராயர் பெரானும் அவர்களுள் இருவர். அவ்விருவரோடு நிறுத்தியிருந்தால் கத்தோலிக்க உலகம் முழுவதும் அவரைப் பாராட்டியிருக்கும். அவரோ, அவர்களுக்கு அருகிலேயே அங்கோலாவின் மருத்துவரும் கவிஞருமான அகோஸ்தீனியோ நேட்டோவை நிறுத்தினார். நேட்டோவைச் சிறையிட்டது எந்த அரசு? 1940-இல் திருப்பீடத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட போர்த்துக்கல் அரசு!

இது தற்செயலன்று. சபையின் ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளைப் பொறுப்பேற்றது: ஒருவர் மேலை நாடுகளில், ஒருவர் பொதுவுடைமை நாட்டில், ஒருவர் மூன்றாம் உலகில். தன் பகைவனின் சிறையை மட்டும் பார்த்துக் கொதிப்பவனுக்கு அங்கே இடமில்லை. ஆயுதமோ வெறும் கடிதம். ஆட்சியாளரின் மேசையில் கைதியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் கடிதம். வன்முறையில் இறங்காமல், தன் மனச்சான்றின்பொருட்டுச் சிறைப்பட்டவனா என்பதே கேள்வி, எம்மறையினன் என்பதன்று. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் அரசரும் சிறைவாசியின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கவில்லையே!

"அச்சபை கருக்கலைப்பை ஆதரிக்கிறதே" என்பர் சிலர். உண்மை. 2007-இல் அது எடுத்த நிலைப்பாட்டைத் திருச்சபை கண்டித்தது, நாமும் ஏற்கவில்லை. ஆனால் பெனன்சன் 1960-களிலேயே தலைமையைத் துறந்தவர், 2005-இல் இறந்தவர். தவிர, 2007-க்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளில் நம்முள் எத்தனைபேர் ஒரு கடிதமேனும் எழுதினோம்? அன்று எழுதாதவர்களுக்கு இன்று இக்காரணம் வசதியாக வாய்த்திருக்கிறது, அவ்வளவே.

ஞாயிறுதோறும் விசுவாசிகள் மன்றாட்டில் "சிறைப்பட்டோருக்காக" என்று பொதுவாக வேண்டிவிட்டு அமர்கிறோம். நம் மறையைச் சேராத, நம் கட்சிக்கும் ஆகாத ஒரு கைதியின் பெயரை அங்கே உரக்கச் சொல்ல எத்தனை பங்குப் பேரவைகள் இசையும்?