பிஜிஏ டூர் தலைவருக்கு: இரண்டு ஆட்டங்களைக் குறையுங்கள்

பிஜிஏ டூர் தலைமைச் செயல் அதிகாரி திரு. பிரையன் ரோலாப் அவர்களுக்கு,

2026 செப்டம்பரில் சிகாகோ அருகே மெடினாவில் கோல்ஃபின் பிரசிடென்ட்ஸ் கோப்பை நடக்கிறது. ஒரு பக்கம் அமெரிக்கா. மறுபக்கம் ஐரோப்பா நீங்கலான உலக அணி. 1994 முதல் 2024 வரை நடந்த 15 போட்டிகளில் அமெரிக்கா 13 முறை வென்றது. உலக அணி வென்றது 1998-இல், மெல்போர்னில் மட்டும். 2003-இல் தென்னாப்பிரிக்காவில் டைகர் வுட்ஸும் எர்னி எல்ஸும் மூன்று கூடுதல் ஹோல்கள் ஆடியும் முடிவு தெரியவில்லை. இருட்டிவிட்டதால் கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உலக அணியிடம் திறமை இல்லாமல் இல்லை. 2024 மான்ட்ரியலில் முதல் நாள் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றவர்கள், மறுநாள் ஐந்திலும் வென்றார்கள்.

2015-இல் தென்கொரியாவின் இன்சியானில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தியாவிலிருந்து இந்தக் கோப்பையில் ஆடிய முதல் வீரரான அனிர்பன் லாஹிரி, தனிநபர் ஆட்டத்தில் கடைசி ஹோல் வரை கிறிஸ் கிர்க்குக்குச் சமமாக நின்றார். கிர்க் தொலைவிலிருந்து தட்டிய பந்து குழிக்குள் விழுந்தது. லாஹிரிக்கு மிச்சமிருந்தது சில அடிதான். அவர் தட்டிய பந்து குழிக்குள் இறங்கவில்லை. அன்று 15.5–14.5 என்று அமெரிக்கா வென்றது.

அந்த நெருக்கத்துக்குப் பின்னால் ஒரு விதிமாற்றம் இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில், அந்த ஆண்டுதான் மொத்தப் புள்ளிகள் 34-லிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டன. உலக அணியின் கேப்டன் நிக் பிரைஸ் கேட்டதோ அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பையைப் போல 28. பாதி வழியோடு நிறுத்திவிட்டார்கள். ரைடர் கோப்பையில் இணை ஆட்டங்களின் ஒவ்வொரு சுற்றிலும் 12 பேரில் 8 பேர் ஆடினால் போதும். பிரசிடென்ட்ஸ் கோப்பையில் முதல் இரண்டு நாளும் 10 பேர் களமிறங்க வேண்டும். அமெரிக்காவின் பத்தாவது ஆட்டக்காரரும் பெரிய போட்டிகளில் வென்றவராக இருப்பார். உலக அணிக்கு அந்த ஆழம் வாய்ப்பதில்லை. முதல் இரண்டு நாளும் ஒவ்வோர் ஆட்டத்தைக் குறைத்தாலே 28 வந்துவிடும்.

தாங்கள் முன்பு பணியாற்றிய அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் சமபலம் தானாக வந்துவிடுவதில்லை, திட்டமிட்டு உருவாக்குகிறார்கள். முந்தைய ஆண்டு கடைசியில் நின்ற அணிக்குத்தான் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. கோல்ஃபிலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1927 முதல் 1977 வரை ரைடர் கோப்பையில் பிரிட்டன் தரப்பு மூன்றே முறைதான் வென்றது. அந்த அணியில் ஐரோப்பியக் கண்டத்து வீரர்களையும் சேருங்கள் என்று வற்புறுத்தியவர் ஓர் அமெரிக்கர், ஜாக் நிக்லாஸ். 1979-இல் வாசல் திறந்தது. 1985-இல் கோப்பை ஐரோப்பாவுக்குப் போனது. இன்று அந்தப் போட்டிக்கு இருக்கும் மவுசுக்கு அமெரிக்காவின் தோல்விகளும் காரணம்.

இன்னொரு வாசலும் திறக்க வேண்டும், பிஜிஏ டூருக்குப் போட்டியான லிவ் கோல்ஃப் தொடரின் வீரர்களுக்கு. 2022 ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற கேமரன் ஸ்மித், லிவ் கோல்ஃபுக்குப் போனதால் செப்டம்பரில் உலக அணிக்கு ஆட முடியவில்லை. ஹோகீன் நீமன், லூயி ஊஸ்ட்ஹைசன், லாஹிரி ஆகியோரும் அப்படியே. அமெரிக்காவும் டஸ்டின் ஜான்சன் போன்றவர்களை இழந்தது உண்மை. ஆனால் அங்கே இடத்தை நிரப்ப ஆள் வரிசையில் நிற்கிறது. ரைடர் கோப்பையோ 2025-இல் லிவ் வீரர்கள் ஜான் ராம், டிரெல் ஹாட்டன், பிரைசன் டிஷாம்போ மூவரையும் ஆடவிட்டது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஐரோப்பா அமெரிக்க மண்ணிலேயே 15–13 என்று வென்றது.

மெடினாவுக்குக் காலம் போதாதென்றால், 2028-இல் போட்டி மெல்போர்னின் கிங்ஸ்டன் ஹீத்துக்குப் போகிறது. அதற்கான அணித்தேர்வு விதிகளை எழுதும்போது இந்த இரண்டு கோரிக்கைகளையும் தாங்கள் மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும்.