விரல் நுனியில் ஒரு பொறுப்பு

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகும் சீரகமும் வாங்கும் தாய்மார்கள், ஒரு பிடியைக் கையிலெடுத்து முகர்ந்து, கல்லும் தூசும் உண்டா என நோக்கிய பின்னரே விலை பேசுவர். கைபேசியில் வரும் செய்தியை நாம் அவ்வாறு சோதிக்கின்றோமா?

2004இல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் தோன்றின. பிரிந்த நண்பர்களைத் தேடிச் சேர்க்கவே பலரும் அவற்றில் நுழைந்தனர். 2009இல் வந்த வாட்ஸ்அப், ஒரு செய்தியை நொடியில் பலருக்கு அனுப்பும் வசதியை வீடுதோறும் கொணர்ந்தது. 2014இல் ஆர்குட் மூடப்பட்டது. அதே ஆண்டில் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் வாங்கிக்கொண்டது.

வேகம் வினையாயிற்று. குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். குலதெய்வக் கோயிலுக்குச் சென்றவர் அவர். அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பிடுவதாக வாட்ஸ்அப் அறிவித்தது.

ஐவருக்கு அனுப்பினாலும் பொய் பொய்தானே! சொன்னவர் யார், கண்டவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அங்கேயே அழித்துவிடுங்கள். சீரகத்தில் கல் கலந்தால் பல்லுக்குச் சேதம். செய்தியில் பொய் கலந்தால் உயிருக்கே சேதம்.