பிணை நின்ற பர்னபா



மாற்றம் நமக்குப் புதியதல்ல. 1950ஆம், 60ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டு போட்டு விற்கப்பட்டன. ரப்பர் மரங்கள் சாய்ந்த இடத்தில் செம்பனை வந்தது. பிறகு எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்து வீட்டைக் காலி செய்து, சட்டி பானையோடு பட்டணத்து அடுக்குமாடிக்கு ஏறிய குடும்பங்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. வேரோடு பிடுங்கிய கன்றை வேறிடத்தில் நட்டால் சில நாள் வாடத்தான் செய்யும். வாட்டம் தீரும்வரை பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவர் யாரோ, அவரையே நான் தலைவர் என்பேன்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி இம்மாதம் பேசலாம். கிறிஸ்தவ அன்பர்கள் அறிந்த பெயர்தான். மற்றச் சமயத்தாரும் கேட்கத்தக்க வாழ்க்கை அவருடையது.

வேதாகமத்தில் 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்றொரு நூல் உண்டு. இயேசுவுக்குப் பின் அவருடைய சீடர்கள் என்ன செய்தார்கள் என்று கூறும் நூல் அது. அதில் சீப்புரு தீவைச் சேர்ந்த யோசே என்பவர் வருகிறார். அவர் குணத்தைக் கண்டு அப்போஸ்தலர்கள் இட்ட பெயர் பர்னபா. 'ஆறுதலின் மகன்' என்பது பொருள். மூலமொழியில் அந்தச் சொல்லுக்கு ஆறுதல், ஊக்கம் இரண்டு பொருளும் உண்டாம். முதன்முதலில் நாம் அவரைக் காணும்போதே, தம் நிலத்தை விற்று அந்தப் பணத்தை ஏழைகளின் தேவைக்காக அப்போஸ்தலர்களின் பாதத்தில் வைக்கிறார். அவர் கொடுத்த ஊக்கம் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிது. சவுல் என்ற ஒருவர், வீடு வீடாய் நுழைந்து, ஆண் பெண் என்று பாராமல் கிறிஸ்துவை நம்பியவர்களை இழுத்துச் சிறையில் போட்டவர். தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் மனம் மாறினார். மாறியவர் எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேரப் பார்த்தார். யார் சேர்ப்பார்கள்? 'வேவு பார்க்க வந்திருக்கிறான்' என்று எல்லாரும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் தவறில்லை. ஆனால் பர்னபா ஒருவர் மட்டும் சவுலை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலர்களிடம் போய், நடந்ததை எடுத்துச் சொன்னார். நம் பேச்சில் சொன்னால், ஜாமீன் நின்றார். சவுல் மட்டும் ஏமாற்றியிருந்தால், பர்னபாவின் பெயரும் அன்றோடு போயிருக்கும். தம் நல்ல பெயரையே ஈடு வைத்தார் அந்த மனிதர்.

அந்தச் சமயத்தில் எருசலேமில் ஸ்தேவான் என்பவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதையொட்டித் துன்பம் மூண்டு, சீடர்கள் பல ஊர்களுக்கும் சிதறியிருந்தார்கள். சிலர் அந்தியோகியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய துருக்கியில் அந்தாக்கியா என்று வழங்கும் ஊர் அது. அன்று ரோமப் பேரரசின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. பல இனத்தார் கலந்து வாழ்ந்த அந்தப் பட்டணத்தில், பிழைக்கப் போனவர்கள் யூதரல்லாதாரிடமும் தங்கள் நம்பிக்கையைச் சொன்னார்கள். இதைத் தொடங்கியவர்களின் பெயர்கூட ஏட்டில் இல்லை. தோட்டம் உடைந்து சிதறியவர்கள் புதிய ஊரில் ஒரு சபையைக் கட்டியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

செய்தி எருசலேமுக்கு எட்டியது. 'போய்ப் பார்த்து வாரும்' என்று பர்னபாவை அனுப்பினார்கள். வேறொருவர் போயிருந்தால் கிராணியார் கணக்குப் பார்ப்பதைப் போலக் குறை தேடியிருப்பார். 'இது நம் வழக்கமில்லை, அது நம் முறையில்லை' என்றிருப்பார். பர்னபாவோ, அங்கே நடக்கும் நன்மையைக் கண்டு மகிழ்ந்தார். 'உறுதியாய் நில்லுங்கள்' என்று தைரியம் சொன்னார். வேலை பெருகியதும், எல்லாம் தம்மால் ஆகும் என்று இருந்துவிடவில்லை. தரை வழியில் 100 மைலுக்கும் மேலான தர்சு பட்டணத்துக்குப் போய், சொந்த ஊரில் இருந்த சவுலைத் தேடி அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டு முழுதும் அங்கே கற்பித்தார்கள். 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் முதன்முதல் வழங்கியதும் அந்த ஊரில்தான்.

அதன்பின் கவனியுங்கள். தொடக்கத்தில் 'பர்னபாவும் சவுலும்' என்று எழுதும் அந்நூல், சவுல் பவுலான பிறகு, போகப் போகப் 'பவுலும் பர்னபாவும்' என்று பெரும்பாலும் எழுதுகிறது. கைதூக்கிவிட்டவர் பின்னுக்கு வந்துவிட்டார். அதற்காக அவர் முகம் சுளித்ததாக ஒரு வரியும் இல்லை. நம் சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் இருபது முப்பது ஆண்டாகத் தலைவர் நாற்காலியை விடாதவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மாற்கு என்ற இளைஞரின் கதையும் உண்டு. முதல் பயணத்தில் பாதி வழியில் விட்டுப் போனவர் அவர். 'இவன் மறுபடியும் வேண்டாம்' என்றார் பவுல். 'இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம்' என்றார் பர்னபா. பேச்சு முற்றி இருவரும் பிரிந்தார்கள். பவுல் வேறு துணையோடு போக, பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். வருடங்கள் சென்றன. சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், 'மாற்கை அழைத்து வா, அவன் எனக்கு உதவியானவன்' என்ற கருத்தில் பவுலே கேட்கிறார். நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றுக்கு அந்த மாற்கின் பெயர்தான் வழங்குகிறது.

பர்னபா குறையே இல்லாதவரா? இல்லை. யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் உண்பது பற்றி அந்தியோகியாவில் சலசலப்பு எழுந்தபோது, ஊர் பேச்சுக்கு அஞ்சிப் பேதுரு விலகினார். அவரோடு பர்னபாவும் விலகிவிட்டார். பவுல்தான் நேருக்கு நேர் நின்று கண்டித்தார். பழைய வழக்கம் அவ்வளவு பொல்லாதது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த கொடுமையைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு இது விளங்காமல் போகுமா? பிறரைத் தாங்குகிறவருக்கும் சில வேளை தாங்க ஓர் ஆள் வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே! உங்கள் அடுக்குமாடிக்குப் புதிதாய்க் குடிவந்த தோட்டத்துக் குடும்பம் ஒன்று இருக்கும். மின்தூக்கியில் தலை குனிந்து நிற்கும் அந்த அம்மாவுக்கு, பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி, மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து என்று சொல்ல ஆள் இல்லை. தடுப்புக் காவலிலிருந்து திரும்பிய பையன் ஒருவன் இருப்பான். அவனைக் கண்டதும் வாசற்கதவுகள் சாத்தப்படும். ஒன்றிரண்டு வேலையை விட்டு ஓடியவன் ஒருவன் இருப்பான். 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று முதலாளியிடம் சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

பிணை நிற்பதில் நட்டம் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. பர்னபா சவுலை அழைத்துப் போகும்போது, அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்தே போனார். நீங்களும் கேளுங்கள், விசாரியுங்கள். அதன்பின் மனம் ஒப்பினால், கூடவே போய் நில்லுங்கள். நம்மில் பலர் இன்று நிமிர்ந்து நிற்பது, என்றோ ஒருவர் 'நம்ம பிள்ளைதான்' என்று நமக்காகச் சொன்ன ஒரு வார்த்தையால் அல்லவா?

இந்த வாரம் அந்த வார்த்தையை யாருக்காகச் சொல்லப் போகிறீர்கள்? இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பேசிப் பாருங்கள்.